தேக்கடி ஏரியில் விலங்குகளைப் பார்ப்போம், படம் எடுப்போம்



1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டியதால் மலைகளுக்கு நடுவில் உண்டானதுதான் கேரளாவில் உள்ள தேக்கடி ஏரி. நம்ம கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்கு இங்கேயிருந்துதான் தண்ணீர் வருகிறது. சுற்றியுள்ள காடு 1978 முதல் புலிகள் காப்பகம்.

காணும் பாலூட்டிகள்: யானை, காட்டுமாடு, மிளா, காட்டுப்பன்றி, நீர்நாய். புலி கண்ணில் படுவது அபூர்வம்.

எப்போது போகலாம்? கோடையில். காட்டு ஓடைகள் வற்றுவதால் விலங்குகள் ஏரிக்கரைக்கு வரும். காலை முதல் படகு நல்லது.

கவனிக்க வேண்டியவை:
1. சத்தம் போடக்கூடாது.
2. பளிச் நிற உடை வேண்டாம்.
3. கேமராவில் பிளாஷ் போடக்கூடாது.
4. படகில் எழுந்து நிற்கவே கூடாது.

நாலாவதை நான் மறந்துட்டேன். குட்டியானையைப் பார்த்ததும் கேமராவோடு எழுந்தேன். அப்பா கையைப் பிடித்து உட்கார வச்சாங்க. "2009-ல இதே ஏரியில படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. விலங்கைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் போனதும் ஒரு காரணம்னு சொன்னாங்க" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது.

உட்கார்ந்தே எடுத்ததில் யானை புள்ளி மாதிரி விழுந்தது. ஆனால் குட்டி துதிக்கையை ஒதுக்கிவிட்டு வாயாலேயே தண்ணீர் குடித்ததைக் கண்ணால் பார்த்தேன். குட்டிகளுக்குத் துதிக்கையால் உறிஞ்சத் தெரியாதாம்!

படம் சின்னதா விழுந்தாலும் பரவாயில்லை. உயிர்தான் பெரிது!

- 9-ஆம் வகுப்பு மாணவி