மூக்கடைப்பும் உறக்கத்தில் மூச்சுத் தடையும்

வகுப்பில் முற்பகலிலேயே கண் சொருகும் மாணவனைச் சோம்பேறி என்று ஆசிரியர் கருதிவிடுவது இயல்பு. ஆனால் அம்மாணவன் ஆண்டில் பெரும் பகுதி மூக்கடைப்புடன் இருப்பதும், வாய் வழியே மூச்சு விடுவதும், இரவில் உரக்கக் குறட்டை விடுவதும் தெரியவருமாயின், அக்கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இரவு முழுவதும் படுத்திருந்தும் அவன் செவ்வனே உறங்காதவனாக இருக்கலாம்.

மூக்கின் ஒவ்வாமை

வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகள், பூஞ்சை, கரப்பான் பூச்சியின் கழிவு, மகரந்தத் தூள் ஆகியவை பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்வதில்லை. சிலருடைய உடலோ இவற்றைப் பகையெனக் கொண்டு எதிர்க்கிறது. அப்போது ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் வெளிப்பட்டு, மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது. அடுக்குத் தும்மலும் நீரொழுக்கும் அரிப்பும் அடைப்பும் தோன்றுகின்றன. 1950களில் புனே நகரில் கண்டறியப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியக் களையின் மகரந்தமும் இவ்வொவ்வாமையை உண்டாக்க வல்லது.

தொண்டை ஒடுங்கும் விதம்

மூக்கிற்கு எலும்பும் குருத்தெலும்பும் சட்டமாக அமைந்துள்ளன. தொண்டைக்கு அத்தகைய சட்டம் இல்லை. தசைகளே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அத்தசைகள் தளர்கின்றன. மூக்கு அடைபட்டிருந்தால் காற்றை உள்ளிழுக்க நெஞ்சு மிகுந்த விசையுடன் உழைக்க வேண்டும். அவ்விசையால் தொண்டைச் சுவர்கள் உட்புறமாக இழுக்கப்படுகின்றன.

இதை வகுப்பிலேயே விளக்கலாம். மெல்லிய காகிதக் குழல் ஒன்றைச் சற்றே நனைத்து, ஒரு நுனியை விரலால் பெரும்பகுதி மூடி, மறு நுனியில் பலமாக உறிஞ்சினால், குழல் நடுவில் ஒடுங்கும். மூடிய நுனி மூக்கையும், ஒடுங்கும் இடம் தொண்டையையும் குறிக்கும்.

படுத்த நிலையில் மூக்கின் சவ்வில் இரத்தம் மிகுதியாகத் தேங்குவதால் அடைப்பு வலுக்கிறது. வாய் வழியே மூச்சு விடும்போது கீழ்த்தாடை தாழ்ந்து, நாக்கு பின்னோக்கிச் சாய்ந்து, வழி மேலும் குறுகுகிறது.

விளைவுகள்

பெரியவர்களிடம் 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சோட்டம் நின்றுபோவதே மூச்சுத் தடை எனப்படும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையவே மூளை ஒரு கணம் விழிப்புற்று, மூச்சுத் திணறலுடன் வழியைத் திறக்கிறது. காலையில் இது நினைவில் இருப்பதில்லை. மூச்சு நிற்பதும் மிகவும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முறைக்குக் குறையாமல் நிகழ்ந்தால் அது நோயாகக் கருதப்படும். 30 முறையும் அதற்கு மேலும் கடுமையானது. பெரியவர்க்குப் பகல் தூக்கமும் இரத்த அழுத்தமும் உண்டாகின்றன. சிறுவர் தூங்கி வழிவதற்கு மாறாக அமைதியின்மை, கவனக் குறைவு, படுக்கையில் சிறுநீர் கழித்தல் ஆகியவற்றைக் காட்டுவதும் உண்டு.

மருத்துவமும் அதன் எல்லையும்

மூக்கொவ்வாமை உள்ள அனைவர்க்கும் இந்நோய் வருவதில்லை. உடற்பருமன், சிறிய தாடை, சிறுவர்க்கு வீங்கிய டான்ஸில், அடினாய்டு ஆகியவையும் காரணங்களாம். மூக்கிற்கு மருத்துவம் செய்வதால் உறக்கம் சீர்படலாம். எனினும் பெரியவர்க்கு அது ஒன்றே நோயை முற்றும் நீக்குவது அரிது. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கின் வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். இம்முறையைப் பின்பற்றுவோர்க்கும் மூக்கடைப்பு இடையூறே.

கவனிக்க வேண்டியவை

1. பகலில் வாய் திறந்து மூச்சு விடும் குழந்தையின் பெற்றோரிடம், இரவில் குறட்டையும் மூச்சு நின்று திணறுதலும் உண்டா எனக் கேட்க வேண்டும். உண்டெனில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புதல் நலம்.

2. தலையணை உறை, போர்வை முதலியவற்றை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்கச் சொல்ல வேண்டும். படுக்கும் அறையில் புகை கூடாது.

3. அடைப்பை உடனே நீக்கும் சொட்டு மருந்துகளைத் தாமாகப் பல நாள் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் மிகும்.

4. ஒவ்வாமைக்குரிய பழைய மாத்திரைகள் சில தாமே தூக்கம் தருவன. ஆதலின் மாணவன் உட்கொள்ளும் மருந்தையும் விசாரித்தறிய வேண்டும்.

குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்னும் நம்பிக்கை இன்றும் பல வீடுகளில் உள்ளது. அதனை அகற்றுவதும், தண்டிக்கும் முன் காரணத்தை ஆராய்வதும் ஆசிரியர், களப்பணியாளர் ஆகிய இருசாராரின் கடமையாகும்.