வண்டி இடதுபக்கம் இழுக்கிறது

கேள்வி: உத்தனப்பள்ளி பக்கத்தில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ரீவொர்க் டேபிளில் வேலை பார்க்கிறேன். அப்பா 30 வருஷம் லாரி ஓட்டியவர். முழங்கால் தேய்ந்த பிறகு வீட்டோடு இருக்கிறார். தம்பி தன் கம்ப்யூட்டரில் ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் இரண்டு மணி நேரமாவது ஓட்டுகிறார். மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய ஒயர் வைத்த கன்ட்ரோலர் இப்போது தகராறு செய்கிறது. கையை எடுத்தாலும் வண்டி தானாக இடதுபக்கம் போகிறது. “அலைன்மென்ட் போச்சு, பாரும்மா” என்கிறார் அப்பா. கழற்றிச் சரிசெய்யலாமா, புதிது வாங்கலாமா? பெங்களூரு எஸ்.பி. ரோடு போகலாமா, ஆன்லைனில் போடலாமா? இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் முடியாது.
– வாசகி, உத்தனப்பள்ளி

பதில்: உங்கள் அப்பா சொன்னதுதான் நோய்க்கு நெருக்கமான பெயர். நடு எது என்பது கன்ட்ரோலருக்கு மறந்துபோய்விட்டது. அது அலைன்மென்ட்டா, தேய்மானமா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுவோம். அதற்குக் காசு வேண்டாம்.

கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘ஜாய்’, ஒரு புள்ளி, ‘சிபிஎல்’ என்று அடித்தால் கன்ட்ரோலர் பட்டியல் வரும். அதில் உங்கள் கன்ட்ரோலரைத் தேர்ந்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ அழுத்தினால் சோதிக்கும் ஜன்னல் திறக்கும். அதில் ஒரு கட்டமும் உள்ளே ஒரு கூட்டல் குறியும் தெரியும். இடது ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளி விடுங்கள். குறி எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். நான்கு திசையிலும் பத்துப் பத்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நடுவுக்குக் கொஞ்சம் இடதாக, அதே இடத்தில் வந்து நின்றால் அது அலைன்மென்ட். அந்த ஜன்னலிலேயே இருக்கும் அளவுத்திருத்தத்தைச் செய்து பாருங்கள். அதிலும் போகாவிட்டால், விளையாட்டின் கன்ட்ரோல் அமைப்பில் ‘டெட் ஜோன்’ என்று ஒரு பட்டை இருக்கும். அதைச் சிறிது ஏற்றுங்கள். டெட் ஜோன் என்பது லாரிக்காரர்கள் சொல்லும் ஸ்டீயரிங் ப்ளேதான். அந்த அளவுக்குள் அசைந்தால் சக்கரம் திரும்பாது. அதை ரொம்ப ஏற்றினால் ப்ளே விழுந்த வண்டி மாதிரி ஆகிவிடும். அப்பா உடனே கண்டுபிடித்துவிடுவார்.

குறி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றாலோ, கை படாமலே நடுங்கினாலோ அது தேய்மானம். கன்ட்ரோலரின் வயதைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும்.

ஸ்டிக்குக்குக் கீழே இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று இடம் வலம், மற்றது மேல் கீழ். பழைய ரேடியோவில் வால்யூம் திருகும் பாகத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் பூசிய ஒரு பாதைமேல் மெல்லிய உலோகக் கை உரசிக்கொண்டே போகும். அது நிற்கும் இடத்துக்கு ஏற்ப வோல்டேஜ் மாறும். கம்ப்யூட்டர் படிப்பது அந்த வோல்டேஜைத்தான். உரசல் இருந்தால் தேய்மானமும் இருக்கும். பெரிய கம்பெனிகளின் கன்ட்ரோலர்களில் காணப்படும் ஜப்பானின் ஆல்ப்ஸ் ஆல்பைன் ஸ்டிக்குக்கே 20 லட்சம் சுற்றுதான் ஆயுள் என்று குறித்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்தால் 25,000 நிமிடம். தினம் இரண்டு மணி நேரம் விளையாடினால் ஏழு மாதம். லாரி ஓட்டுகிறவர் அவ்வளவு வேகமாகச் சுழற்ற மாட்டார், அதனால் உங்களுடையது மூன்று வருஷம் தாங்கியது. ஆனால் அவர் நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை விரலளவு இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருப்பார். ஆகவே கார்பன் தேய்வது முழுக்க நடுவில்தான். கையை எடுத்ததும் கோளாறு தெரிவதற்குக் காரணம் அதுவே.

அப்பாவின் கைமேல் பழி போட வேண்டாம் என்பதற்காக இன்னொன்றும் சொல்கிறேன். வீடியோ கேம் கம்பெனியான நின்டெண்டோவின் ‘ஜாய்கான்’ கன்ட்ரோலர் ஸ்டிக்குகள் இதே போல் தானாக நகர்கின்றன என்று 2019-இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2020 ஜூனில் அந்தக் கம்பெனியின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவாவே வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். விலை உயர்ந்த பொருளுக்கும் இதே கதிதான்.

கழற்றலாமா என்ற கேள்வியை ரீவொர்க் டேபிளில் உட்காரும் ஒருவர் கேட்பதில் எனக்கு மகிழ்ச்சி. மற்றவர்களுக்கு நான் தயங்குவேன், உங்களுக்குத் தயங்க மாட்டேன். இரண்டு வழி உண்டு. முதல் வழியில் சால்டரிங் கிடையாது. பொட்டென்ஷியோமீட்டரின் பக்கவாட்டு மூடி சிறு கொக்கிகளில் நிற்கும். அதை நெம்பித் திறந்தால் உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் வெளியே வரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் கார்பன் பாதையை மெதுவாகத் துடையுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைத் தொடவே தொடாதீர்கள். பிசுபிசுப்பு தங்கி இன்னும் தூசியைச் சேர்க்கும். ஸ்டிக்கைச் சுற்றி வெள்ளைப் பொடி கிடந்தால் அது பிளாஸ்டிக் உரசிய தூள். அதையும் ஊதி எடுத்துவிடுங்கள். தூசிதான் காரணம் என்றால் இதிலேயே குணமாகிவிடும். கார்பனே தேய்ந்திருந்தால் சில வாரங்களில் மறுபடி வரும்.

இரண்டாவது வழி ஸ்டிக் முழுவதையும் மாற்றுவது. மொத்தம் 14 கால்கள்: இரண்டு பொட்டென்ஷியோமீட்டருக்கும் ஆறு, அழுத்தும் ஸ்விட்சுக்கு நான்கு, சட்டத்துக்கு நான்கு. பதினான்கும் ஒரே நேரத்தில் இளகினால்தான் வெளியே வரும். ஈயம் இல்லாத சால்டர் உருக 217 டிகிரி வேண்டும். ஈயம் கலந்ததற்கு 183 போதும். எனவே ஒவ்வொரு காலிலும் ஈயச் சால்டரைக் கொஞ்சம் சேர்த்துவிட்டு உறிஞ்சினால் பேடு பெயர்ந்து வராது. கிரவுண்டில் இருக்கும் கால்கள் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், அங்கே அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: இதைக் கம்பெனி டேபிளில் செய்யாதீர்கள். வெளிப் பொருளை உள்ளே கொண்டுபோனதற்கும் ஈயம் கலந்த சால்டரைப் பயன்படுத்தியதற்கும் வேலைக்கே சிக்கல் வரலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், அப்பாவுக்கு நான் புதிதுதான் வாங்கித் தரச் சொல்வேன். மாற்றிப் போடும் ஸ்டிக்கும் கார்பன் ஸ்டிக்காக இருந்தால் அதுவும் ஒருநாள் தேயும். இப்போது காந்த ஸ்டிக் வைத்த கன்ட்ரோலர்கள் நம் கைக்கு எட்டும் விலையில் வந்துவிட்டன. 1879-இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த ‘ஹால் எஃபெக்ட்’ என்ற விளைவில் இயங்குபவை அவை. ஸ்டிக்கின் அடியில் காந்தம், பக்கத்தில் அதை உணரும் சென்சார். நடுவில் உரசல் இல்லை. சேகாவின் டிரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவி 1998-லேயே இதை வைத்திருந்தது. பிறகு பெரிய கம்பெனிகள் மலிவான கார்பனிலேயே நின்றுவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. காந்த ஸ்டிக்கிலும் ஸ்பிரிங் தளரலாம், ஆனால் அளவெடுக்கும் பாதை தேயாது. இதில் இன்னொரு வகை ‘டிஎம்ஆர்’. அதுவும் காந்தம்தான், மின்சாரம் குறைவாக எடுக்கும். உங்களுடையது ஒயர் கன்ட்ரோலர் என்பதால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ரெட்கியர், காஸ்மிக் பைட், இவோஃபாக்ஸ் என நம் நாட்டு பிராண்டுகள் உங்கள் விலையை ஒட்டியே விற்கின்றன. ஆனால் பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம், மாடலைப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் ‘ஹால் எஃபெக்ட்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். விவரத்தைப் படித்தால் அது விரலால் இழுக்கும் டிரிகருக்கு மட்டும் என்று இருக்கும். ஸ்டிக் பழைய கார்பனாகவே இருக்கும். ‘ஜாய்ஸ்டிக்’ என்ற சொல்லோடு சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘எக்ஸ் இன்புட்’ இருப்பதும் அவசியம். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-உடன் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த முறை அது. விண்டோஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கும். மேசையில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு ஒயரே போதும். பேட்டரி உப்பும் கவலையும் இல்லை.

வாங்குவதற்கு, ஓசூரிலிருந்து பெங்களூரு மார்க்கெட் பஸ் ஏறினால் எஸ்.பி. ரோடு இறங்கி நடக்கும் தூரம்தான். வார விடுமுறையில் முடிந்தால் அப்பாவையும் அழைத்துப் போங்கள். கைக்கு அடங்குகிறதா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெரிய பிராண்டின் பெயரில் நம்ப முடியாத விலைக்கு வருவதைத் தொடாதீர்கள், போலிகள் நிறைய. முழங்காலால் பயணம் முடியாதென்றால் ஆன்லைனிலேயே போடுங்கள். திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள் மேலே சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள். கடையில் வாங்கினால் அங்குள்ள கம்ப்யூட்டரிலேயே செருகி, ஸ்டிக்கை ஓரமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுங்கள். குறி நடுவுக்கு வந்து அசையாமல் நின்றால் காசு கொடுங்கள். பில்லில் மாடல் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள். பழையதை வைத்து அந்த 14 கால் வேலையை நிதானமாகப் பழகிப் பாருங்கள். சரியாகிவிட்டால் தம்பிக்கும் ஒன்று ஆயிற்று.