கேட்டைக்கு ஏன் இந்தப் பழி?

பனியன் கம்பெனி வேலைக்காகப் பல மாவட்டத்து மக்கள் வந்து குடியேறிய ஊர் திருப்பூர். வந்தவர்களோடு ஜாதகமும் வந்துவிடுகிறது. பெண்ணுக்குக் கேட்டை நட்சத்திரம், பிள்ளைக்கு ஓர் அண்ணன் என்றால் போதும், ‘கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது’ என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நட்சத்திரத்தை வானில் பார்த்திருக்கிறீர்களா?

வடமொழியில் அதன் பெயர் ஜ்யேஷ்டா. மூத்தவள் என்று பொருள். அதிதேவதை இந்திரன். விருச்சிகத்தின் நடுவே ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒளிர்வதே கேட்டையின் முதன்மை நட்சத்திரம். நிறத்தில் செவ்வாய்க்குப் போட்டி என்பதால் கிரேக்கர்கள் அதை அன்டாரிஸ் என்றார்கள். குறுக்களவில் சூரியனைப் போல் சுமார் 700 மடங்கு. தூரம் ஏறக்குறைய 550 ஒளி ஆண்டுகள்.

பஞ்சாங்கத்தில் அனுஷம் முடிந்து கேட்டை தொடங்கும் சமயத்தில் சந்திரன் இந்த நட்சத்திரத்தின் பக்கமாகத்தான் செல்லும். சில ஆண்டுகளில் அதை மறைத்தும் விடும். 1819 ஏப்ரல் 13 அன்று அப்படி மறைத்தபோது வியன்னாவில் பூர்க் என்ற வானியலாளர் தொலைநோக்கியில் கவனித்தார். சந்திரன் விலகியதும் முதலில் மங்கலான சிறு நட்சத்திரம் தெரிந்தது. சில நொடிகள் கழித்தே சிவப்பு நட்சத்திரம் வெளிவந்தது. ஒன்று என்று நினைத்தது இரண்டு! நீலம் கலந்த வெண்ணிறத் துணை ஒன்று கூடவே இருக்கிறது. மூத்தவள் தனியாக இல்லை.

ஆன்மிகத்திலும் கேட்டைக்குக் குறைவில்லை. ஆனிக் கேட்டையில்தான் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்கு ஜ்யேஷ்டாபிஷேகம். காவிரித் தீர்த்தம் தங்கக் குடத்தில் யானை மீது வரும். பெருமாளின் திருக்கவசங்களைக் களைந்து திருமஞ்சனம் செய்வார்கள். தொண்டரடிப்பொடி ஆழ்வார் அவதரித்தது மார்கழிக் கேட்டையில். ராமாநுஜரின் ஆசாரியரான பெரிய நம்பிக்கும் அதே மார்கழிக் கேட்டைதான். பெருமாளே திருமஞ்சனம் கொள்ளும் நட்சத்திரத்தில் பிறந்த பெண், புகுந்த வீட்டுக்கு எப்படி ஆகாதவள் ஆவாள்? நட்சத்திரத்தின் பெயரை மட்டும் கேட்டு வரனைத் தட்டிக் கழிப்பது நியாயமே இல்லை.

ஆனி மாதக் கடைசியில், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு திரும்பி, இரவு 9 மணி வாக்கில் மொட்டை மாடியிலிருந்து நேர் தெற்கே பாருங்கள். பாதி உயரத்துக்குச் சற்று மேலே சிவப்பாக ஒன்று, இருபுறமும் சிறியதாக இரண்டு. இம்மூன்றும் சேர்ந்ததுதான் கேட்டை. நீலத் துணை வெறும் கண்ணுக்குத் தெரியாது; அதற்கு நல்ல தொலைநோக்கி வேண்டும். கீழே கொக்கி போல் வளைந்திருப்பது தேளின் வால்.