குறைமாத ஆட்டுக்குட்டியின் இதயமும் நுரையீரலும்



செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள்கள். அதில் கடைசி மூன்று வாரங்களை இழந்து பிறக்கும் குட்டிக்கு எடை மட்டுமே குறைவு என்று எண்ணிவிடலாகாது. காற்றை இழுக்கவும் இரத்தத்தைப் புதிய வழியில் திருப்பவும் அதன் உறுப்புகள் இன்னும் ஆயத்தமாகவில்லை.

கருவில் நுரையீரல் திரவத்தால் நிறைந்து, அதன் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதால், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அங்குச் செல்கிறது. ஆக்சிஜன் கிடைப்பது நஞ்சுக்கொடியிலிருந்து. அங்கிருந்து தொப்புள்கொடி வழியே வரும் இரத்தத்தின் ஒரு பகுதி, மேலறைகளுக்கு இடையிலுள்ள நீள்வட்டத் துளையைக் கடந்து இதயத்தின் இடப்பக்கத்தை அடைகிறது. வலது கீழறை தள்ளும் இரத்தமோ, நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும் நாளத்தமனி என்னும் சிறு குழாயின் வழியே, பெரும்பாலும் நுரையீரலைத் தவிர்த்து உடலுக்குச் செல்கிறது.

முதல் மூச்சு இவ்வமைப்பை மாற்றுகிறது. காற்று நிறைந்த நுரையீரலின் குழாய்கள் விரிந்து, இரத்தம் பன்மடங்கு பாய்ந்து, இடது மேலறைக்குத் திரும்பி அங்கு அழுத்தத்தை உயர்த்த, துளை மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் கூடுவதாலும் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் குறைவதாலும் நாளத்தமனி சுருங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜெஃப்ரி டாஸ் 1950களில் ஆட்டுக்குட்டிகளில் செய்த ஆய்வுகள் இம்மாற்றத்தைத் தெளிவாக்கின.

குறைமாதக் குட்டியில் ஒவ்வொரு படியும் தடுமாறுகிறது. நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பூச்சு போதாததால், காற்று உள்ளே நிலைப்பதில்லை. 1969இல் நியூசிலாந்தின் கிரஹாம் லிக்கின்ஸ், கருவிலேயே ஸ்டீராய்டு மருந்து பெற்ற குட்டிகள், பிழைக்க வாய்ப்பில்லாத அளவுக்கு முன்னதாகப் பிறந்தும் மூச்சுவிட்டதைக் கண்டார். பிரசவம் எவ்வாறு தொடங்குகிறது என்பதை அறிய நடந்த சோதனையில் கிடைத்த அந்தக் கண்டுபிடிப்பே, இன்று குறைப்பிரசவம் நேரக்கூடிய தாய்மாருக்குப் போடப்படும் ஊசியாகியிருக்கிறது. நாளத்தமனியும் ஆக்சிஜனுக்கு எளிதில் இணங்காமல் திறந்தே இருப்பதுண்டு. அப்போது பெருந்தமனியின் இரத்தம் நுரையீரலுக்குள் திரும்பிப் பாய்ந்து அங்கு நீர் கோக்கச் செய்வதோடு, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரிய பங்கைக் குறைக்கிறது. புராஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் இன்டோமெதசின் மருந்து 1970களிலிருந்து குழந்தைகளில் இக்குழாயை மூடப் பயன்பட்டு வருகிறது.

நெடுங்காலம் கவனிக்கப்படாதது, தொப்புள்கொடியை அடைக்கும் நேரம். மூச்சு தொடங்குமுன் கொடியை இறுக்கினால், இதயத்தை நிரப்பிவந்த கொடியின் இரத்தம் நின்றுவிடுகிறது, நுரையீரலிலிருந்து வரவேண்டிய இரத்தமோ இன்னும் வரத் தொடங்குவதில்லை. இதயத் துடிப்பும் அது வெளியேற்றும் அளவும் தாழ்ந்து, காற்று செலுத்தப்பட்டபின் சட்டென உயர்கின்றன. குறைமாத மூளையின் மெல்லிய குழாய்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் கேடானது. 2013இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள், குறைமாதக் குட்டிகளின் நுரையீரலுக்கு முதலில் காற்றைச் செலுத்தி, அதன் பின்னரே கொடியை அடைத்தபோது, இத்தகைய தடுமாற்றம் பெருமளவு தவிர்ந்ததைக் காட்டினர். கடிகாரத்தின் நிமிடத்தைவிட நுரையீரலின் நிலையே முக்கியம் என்பதை உணர்த்தியதே இவ்வாய்வின் பெருமதிப்பு.

கால்நடை மருத்துவமோ மனித மருத்துவமோ கற்கப் புகுவோர், பிறப்பின் அருகில் நிற்கும் நாளில், கத்தரியை எடுக்குமுன் குட்டியின் மார்பைப் பார்க்கவேண்டும்.