உப்பங்கழியில் மோட்டார் படகு

கேள்வி: நானும் மச்சானும் சேர்ந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை அவுட்போர்டு இன்ஜினோடு வாங்கியிருக்கிறோம். கிள்ளையில் கட்டிப்போடப் போகிறோம். எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கீரப்பாளையம்

பதில்: இன்ஜினுக்குள் போகும் தண்ணீரை. அவுட்போர்டு தன்னைக் குளிர்விக்க வெளித்தண்ணீரையே உறிஞ்சுகிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் பிச்சாவரம் கழியில் அதோடு உப்பும் சேறும் உள்ளே போகும். ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே அலசுங்கள். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் இதை விடாதீர்கள். ஓடும்போது இன்ஜினிலிருந்து பீய்ச்சும் நீர்த்தாரை மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். நீர் நுழையும் துளையில் சேறோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கலாம். இல்லையென்றால் பம்பிலுள்ள ரப்பர் இம்பெல்லரைப் பாருங்கள். அதன் விலை குறைவுதான். அசட்டையாக இருந்தால் இன்ஜினே போய்விடும்.

அரிப்பைத் தாங்குவதற்காகப் பொருத்திய துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். கட்டிப்போடும்போது இன்ஜினைத் தூக்கி வையுங்கள்.

முகத்துவாரம் தாண்டும் ஆசை இப்போதைக்கு வேண்டாம். அங்கே மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளூர் மீனவர்களுக்கே அந்த வழி தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். எச்சரிக்கை வந்தால் படகைக் கரையேற்றிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மச்சானையும் ஏற்றாதீர்கள்.