போக எட்டு, வர ஏழு

சிரஞ்சீவி கண்ணனுக்கு, ஆசீர்வாதம்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குப் போக எட்டு மணி நேரமும், திரும்பி வர ஏழு மணி நேரமும் கால அட்டவணையில் போட்டிருப்பதைப் பார்த்து, இது அச்சுப்பிழையோ என்று கேட்டிருந்தாய். பிழையன்று, அட்டவணை உண்மையையே சொல்கிறது.

முதலில் தூரத்தை நிச்சயப்படுத்திக்கொள்வோம். தேசப்படத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்தால் அது லண்டனிலிருந்து தென்மேற்காகச் சரிந்தே போகும். பூகோள உருண்டையின்மேல் இரண்டு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக இழுத்துப் பிடித்தாலோ, அது லண்டனைவிட வடக்கே ஏறி, அயர்லாந்தின் தென்பகுதியைக் கடந்து, நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வழியாக நியூயார்க்கை அடைவதைக் காண்பாய். அதுவே மிகக் குறுகிய மார்க்கம். ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 6 மணி 10 நிமிஷம் போதும்.

ஆனால், துருவப் பிரதேசத்துக் குளிருக்கும் தெற்கத்திய வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தாலும், பூமியின் சுழற்சியாலும், சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. ஜெட் காற்றோட்டம் என்று அதற்குப் பெயர். ஜப்பானிய விஞ்ஞானி வாசபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டறிந்து, உலகத்தார் அனைவரும் படிக்கவேண்டும் என்னும் ஆசையால் 1926-ல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழி அறிந்தவர் சிலரேயாதலால், அந்த அரிய உண்மை நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அக்காற்றின் வேகம் 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். எதிர்த்துப் போகும் விமானம் தரைக்கணக்கில் 750 கிலோமீட்டர்தான் முன்னேறும். ஆகவே 7 மணி 24 நிமிஷம். காற்றோடு வரும்போது 1,050 கிலோமீட்டர்; 5 மணி 17 நிமிஷமே. இரண்டையும் கூட்டிப் பார்: 12 மணி 41 நிமிஷம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 20 நிமிஷத்தில் போய் வந்திருக்கலாம். போகும்போது பறித்துக்கொண்டதை வரும்போது காற்று முழுவதும் திருப்பித் தருவதில்லை. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் அகப்பட்டுக்கொள்வதே காரணம். இந்தக் கணக்கின் அழகை நீ நன்றாக அனுபவிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனை வாயிலில் நிற்பது வரை எல்லாமே அட்டவணைக் கணக்கில் சேர்வதால், மேலும் சிறிது நேரம் கூடுகிறது. காற்றின் போக்கை அன்றாடம் ஆராய்ந்தே பாதை வகுக்கிறார்கள். மேற்கே செல்லும் விமானம் காற்றுக்கு விலகிச் சுற்றிப் போயும் சீக்கிரம் சேர்வதுண்டு. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் சாதாரண போயிங் 747 ஒன்று, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்திலேயே வந்து சேர்ந்தது.

தோக்கியோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே சுமார் 8,200 கிலோமீட்டர். அங்கும் மேல்காற்றுதான். இதே வேகங்களை வைத்துப் போகவர எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டு, அடுத்த கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் மாமா