நாய்களை வாகனத்தில் கட்டி ஏற்றிச் செல்லும் முறை

வெறிநோய்த் தடுப்பூசியின் அவசியத்தைப் பற்றி நாம் கிராமங்களில் பேசும்போதெல்லாம் நமக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே. "ஊசி போட யாரும் மறுக்கவில்லை, ஐயா, நாயை எதில் ஏற்றிக்கொண்டு போவது?" என்பதே அது. இக்கேள்வியை நாம் தட்டிக்கழிப்பதற்கில்லை. மாட்டையும் ஆட்டையும் கோழியையும் கொண்டு செல்லும் வகை நம் விவசாயிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்ததே. நாயை வண்டியில் ஏற்றும் பழக்கம் மட்டும் நமக்குப் புதிது. முற்காலத்தில் நாய் வண்டியில் ஏறியதில்லை. மாட்டு வண்டியின் அச்சுக்குக் கீழே, அதன் நிழலிலேயே, சந்தை வரையிலும் நடந்து வந்தது. வண்டி நின்றால் அதுவும் நின்றது. வண்டி திரும்பினால் அதுவும் திரும்பியது. வண்டியின் வேகமும் நாயின் நடையும் ஒத்திருந்த காலம் அது.

இன்று நிலைமை வேறு. உதாரணமாக வேளச்சேரிச் சாலையை எடுத்துக்கொள்வோம். மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் முதலிய ஊர்களிலிருந்து நாயோடு நகரத்து மருத்துவமனைக்குப் புறப்படுவோர் பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரியைக் கடந்து செல்வது வழக்கம். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த அவ்வூர் இன்று சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதி. தாம்பரம் சாலையும் தரமணிச் சாலையும் கூடும் விஜயநகர் சந்திப்பில் மேம்பாலம் கட்டிய பின்னரும் வாகனங்கள் நின்றும் நகர்ந்துமே செல்கின்றன. பேருந்தின் ஒலியையும் லாரியின் புகையையும் வாழ்நாளில் கண்டிராத கிராமத்து நாய், கட்டின்றி ஒரு திறந்த வண்டியில் அங்கே நிற்குமானால், அது குதிக்காமலிருந்தால்தான் வியப்பு. குதித்த நாய் வாகனத்தில் அடிபடலாம். அடிபடாவிடில் வழி தெரியாமல் தெரு நாயாகி மடியும். அதனைத் தப்பவைக்கத் திடீரெனத் திரும்பும் இரு சக்கர வண்டிக்காரரின் கதியை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இச்சாலைக்கும் நாய்களுக்கும் நெடுநாளைய உறவு ஒன்றுண்டு. கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் 1959-இல் தோற்றுவித்த புளூ கிராஸ் என்னும் பிராணி நலச் சங்கம் கிண்டியை ஒட்டி வேளச்சேரிச் சாலையில்தான் அமைந்திருக்கிறது. அந்நாளில் மாநகராட்சியின் நாய் வண்டி தெருவில் நுழைந்தால் அதில் ஏறிய நாய் திரும்புவதில்லை. பிடித்த நாய்களைக் கொன்றுவிடுவதே முறையாக இருந்தது. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடும் திட்டத்தை அச்சங்கம் 1964-இல் தொடங்கிற்று. 1996-இல் சென்னை மாநகராட்சியும் அம்முறையை ஏற்றுக்கொண்டது. இதனால் நாய்கள் பிழைத்தன என்பது யாவரும் அறிந்ததே. யாரும் அதிகம் எண்ணிப் பாராத மற்றொரு மாறுதலும் இதனால் உண்டாயிற்று. சாகப்போகும் நாயை எப்படித் தூக்கி எறிந்தாலும் கேட்பாரில்லை. திரும்பி வரவேண்டிய நாயையோ காலொடியாமல், கழுத்திறுகாமல், வெயிலில் வதங்காமல் கொண்டு செல்ல வேண்டும். வண்டியில் நாயை வைக்கும் முறை என்பது அன்று முதல் ஒரு கலையாயிற்று. அக்கலை நம் ஊராட்சிகளுக்கும் வேண்டும்.

முதலில் கட்டுவது ஏன் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். வண்டி ஓடும்போது உள்ளேயிருக்கும் நாயும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி எதிலேனும் மோதிச் சட்டென்று நின்றாலும் நாய் நிற்பதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது முன்பலகையில் மோதுவது, 20 அடிக் கிணற்றில் விழுந்து வெறுந்தரையில் அடிபடுவதற்குச் சமம். வேகம் 60 ஆனால் அதே மோதல் 46 அடி உயரத்திலிருந்து, அதாவது நன்கு வளர்ந்த தென்னையின் தலையிலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். வேகம் ஒன்றரை மடங்காகையில் வீழ்ச்சி இரண்டு மடங்குக்கும் மேலாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முன் இருக்கையில் அமர்ந்திருப்பவரின் பிடரியில் 25 கிலோ எடையுள்ள ஒரு சிப்பிப்பாறை நாய் அவ்விதம் வந்து மோதினால் இருவருக்குமே உயிர்ச்சேதம் நேரலாம். மடியில் வைத்துக் கையால் பிடித்துக்கொள்கிறோம் என்பார் சிலர். அவ்வளவு விசையை எந்தக் கையும் தாங்காது.

மோதலே வேண்டுமென்பதில்லை. ஓட்டுபவரின் காலடியில் நாய் புகுந்துகொண்டால் பிரேக்கை மிதிக்க இடமிராது. ஓட்டுபவரின் கட்டுப்பாட்டிற்கு இடையூறாக எவரையும் எதனையும் வைத்துக்கொள்ளலாகாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 125-ஆம் பிரிவில் கூறுகிறது. நாயும் அதில் அடங்கும் என்றே நாம் கொள்ள வேண்டும்.

இனி, கட்டும் முறை. இதில்தான் பிழைகள் மிகுதி. ஆகவே சற்று விரிவாகச் சொல்வோம்.

கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கோத்து வண்டியில் கட்டுவது கட்டாமலிருப்பதைவிட அபாயமானது. வண்டி குலுங்கும்போது நாயின் முழுப் பாரமும் குரல்வளையில் விழுகிறது. திறந்த வண்டியிலோ இதனினும் கொடிய விபத்து நேர்கிறது. நீளமான கயிற்றில் கட்டப்பட்ட நாய் பக்கப் பலகையைத் தாண்டிக் குதிக்கிறது; கயிறு பலகையைத் தாண்டும் அளவுக்கு நீளம், ஆனால் தரையை எட்டும் அளவுக்கு நீளமில்லை. நாய் தூக்கிலிட்டதுபோல் தொங்குகிறது, அல்லது பின்சக்கரத்தில் அகப்படுகிறது. முன்னே ஓட்டிச் செல்பவருக்கு இது தெரிவதேயில்லை. அன்போடு வளர்த்தவர், குதித்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுக் கட்டியவர், தம் கையாலேயே நாயைக் கொன்றவராகிறார்.

ஆகவே கழுத்தில் கட்டாது மார்பில் கட்டுக. மார்ப்பட்டை என்பது பெரிய வித்தையல்ல. கழுத்தின் அடிப்பாகத்தில் ஒரு வளையம். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி மற்றொரு வளையம். இவ்விரண்டையும் முதுகின் மேலும் மார்பின் அடியிலும் இணைக்கும் இரு பட்டைகள். கட்டில் பின்னும் பருத்தி நாடாவே இதற்குப் போதும். அதனை இரட்டையாக மடித்துத் தைத்துத்தரச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் அரை மணியில் முடிந்துவிடும். பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும்; அதற்கு மேல் தளர்ந்தால் நாய் பின்னோக்கி நெளிந்து கழற்றிக்கொள்ளும். கயிறு கட்டவேண்டிய இடம் முதுகின் மேலுள்ள பட்டை.

கயிற்றின் மறுமுனையை எங்கே கட்டுவது? "குட்டி யானை" என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டியாயின், ஓட்டுநர் அறைக்குப் பின்னுள்ள பலகையின் நடுவில், தாழ்வாக. பக்கப் பலகையில் ஒருபோதும் கூடாது. நீளம் எவ்வளவு என்பதற்கு முழக்கணக்கு வேண்டாம். நாய் எழுந்து நிற்கவும் படுக்கவும் திரும்பவும் இயல வேண்டும். அதன் முன்னங்கால் எந்தப் பக்கப் பலகையின் விளிம்பையும் எட்டலாகாது. வண்டி புறப்படுமுன் நாயைக் கூப்பிட்டு ஒவ்வொரு பக்கமும் இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது. சுருக்கு முடிச்சு ஆகாது. அவசரத்தில் ஒரே இழுப்பில் அவிழக்கூடிய, மாட்டைத் தறியில் கட்டும் முடிச்சே ஏற்றது. தரையில் ஒரு சாக்கையோ தென்னை நார் விரிப்பையோ போட வேண்டும். வழுக்கும் தகரத்தில் நிற்கும் நாய் கட்டியிருந்தாலும் புரண்டு விழும், கோடையில் பாதமும் பொசுங்கும்.

ஆஸ்திரேலியாவில் ஆட்டு மந்தைகள் மிகுந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், திறந்த வண்டியின் பின்புறத்தில் கட்டின்றியும் கூண்டின்றியும் நாயைக் கொண்டு செல்வது சட்டப்படி குற்றமாகும். மந்தையை ஓட்டும் வேலையில் ஈடுபட்டிருக்கும் நாய்க்கு மட்டும் விலக்குண்டு. பிரிட்டனில் சாலை விதி நூலின் 57-ஆம் விதி, வாகனத்தில் நாயை மார்ப்பட்டையாலோ கூண்டாலோ தடுப்புக் கம்பியாலோ அடக்கி வைக்க வேண்டும் என்கிறது. விவசாயிகளின் நாடுகள் இவற்றைப் பணக்காரர் பொழுதுபோக்காகக் கருதவில்லை என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

மோட்டார் காராயின் பின் இருக்கையே நாயின் இடம். முன்னிருக்கையில் விபத்தின்போது விரியும் காற்றுப்பை நாயைக் கொன்றுவிடக் கூடும். மார்ப்பட்டையை இருக்கைப் பட்டையோடு இணைக்கலாம். ஜன்னலில் தலையை நீட்டி வரும் நாய் பார்வைக்கு அழகுதான். கண்ணில் மண்ணும் பூச்சியும் படும்போது அழகு போய்விடுகிறது. ஆட்டோவில் ஒருவர் நாயோடு பின்னே அமர்ந்து, குறுகிய கயிற்றை இருக்கையின் இரும்புச் சட்டத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். இரு சக்கர வண்டியைப் பற்றி நமது கருத்து கண்டிப்பானது: வளர்ந்த நாயை அதில் ஏற்றக் கூடாது. காலடிப் பலகையில் நிற்கவைத்து ஓட்டுவோரை நாள்தோறும் காண்கிறோம். பழக்கமாகிவிட்டது என்பதால் அபாயம் நீங்கிவிடவில்லை. சிறு குட்டியாயின் மூடியுள்ள மூங்கில் கூடையில் வைத்து, கூடையை வண்டியோடு இறுகக் கட்டலாம். கோணிப்பையில் போட்டு வாயைக் கட்டுவது மூச்சை அடைப்பதாகும். அதனைச் செய்யவே கூடாது. வெளியூருக்கு ரயிலில் அனுப்புவோருக்கு, கார்டு வண்டியிலுள்ள நாய்க்கூண்டில் முன்பதிவு செய்து அனுப்பும் வசதி இருக்கிறது.

முன்பின் வண்டி ஏறாத நாயை ஊசி நாளன்றே முதன்முதலாக ஏற்றினால் அது போராடும். நிற்கும் வண்டியில் நாலைந்து நாள் சோறு வைத்துப் பழக்கினால், ஐந்தாம் நாள் அது தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கடிக்கும் சுபாவமுள்ளதற்குச் சூடடிக்கும் மாட்டுக்குப் போடுவதுபோல் வாய்க்கூடை போடலாம். ஆனால் நாய் வாய் திறந்து இளைக்க இடமிருக்க வேண்டும். துணியால் வாயை இறுகக் கட்டினால் வெயிலில் உயிருக்கே ஆபத்து. மனிதரைப்போல் நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி மூச்சிரைப்பதே அதற்குக் குளிர்ச்சி. இதே காரணத்தால் மூடிய காரில் நாயை விட்டுவிட்டுக் கடைக்குச் செல்வது கொடுமை. வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் உயர்ந்துவிடுகிறது. சித்திரை வைகாசியில் விடியற்காலையே புறப்படுவது நன்று.

வண்டியிலிருந்து இறக்கும் நேரம் ஏற்றும் நேரத்தைவிடக் கவனம் வேண்டுவது. மருத்துவமனை வாசலில் கதவைத் திறந்தவுடன் நாய் பாய்ந்தோடி மறைவது சாதாரண நிகழ்ச்சி. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்த பின்னரே கதவைத் திறக்க வேண்டும்.

இவற்றில் பல வெறும் யோசனைகளல்ல. பிராணிக்கு வீண் வேதனை உண்டாகும்படி வாகனத்தில் கொண்டு செல்வதும், அளவுக்கு மீறிக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் பிணைத்து வைப்பதும் 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றங்கள். இச்சட்டத்திற்கு வித்திட்டவர் திருவான்மியூர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். மாநிலங்களவையில் இதற்கென முதலில் மசோதா கொண்டுவந்தவர் அவரே. 1978-ஆம் ஆண்டின் பிராணிப் போக்குவரத்து விதிகள் நாய்களைப் பற்றித் தனியே பேசுகின்றன. பயணத்திற்குத் தகுதியானது என்ற மருத்துவச் சான்று வேண்டும். நிறைசினையாக உள்ளதை ஏற்றலாகாது. பால்குடி மறவாத குட்டிகளைத் தாயல்லாத பெரிய நாய்களோடு சேர்க்கலாகாது. கடிக்கும் நாய்க்கு வாய்க்கூடையிட்டுத் தனிக் கூண்டில் வைக்க வேண்டும். நெடும் பயணத்தில் கோடையாயின் நான்கு மணிக்கு ஒருமுறை தண்ணீர் காட்ட வேண்டும் என்பன அவற்றுள் சில.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே நாயைச் சுமந்து வேப்பேரிக்கோ கிண்டிக்கோ போக வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கவில்லை. கால்நடை உதவி மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கிராமத்திலேயே முகாம் நடத்தினால் வண்டிப் பிரயாணமே பெரும்பாலும் தேவைப்படாது. உலக வெறிநோய் நாளாகிய செப்டம்பர் 28-ஐ ஒட்டி இம்முகாம்களைக் கேட்டுப் பெறுவது எளிது. கருத்தடை, சிகிச்சை போன்றவற்றிற்கு மட்டும் நாய் ஊரை விட்டுச் செல்ல வேண்டியிருக்கும். அதற்காக இரண்டு கம்பிக் கூண்டுகளையும் பல அளவில் நாலைந்து மார்ப்பட்டைகளையும் வாங்கி ஊராட்சி அலுவலகத்தில் வைத்து, கேட்பவருக்கு இரவல் தருவது பெருஞ்செலவாகாது. கூண்டு, நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் போதிய அளவினதாயிருக்க வேண்டும்; திரும்பி வந்ததும் சோப்பு நீரால் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

வெறிநோய் கண்டதோ என்று ஐயுறும் நாயை எப்படி ஏற்றுவது என்று கேட்போரும் உண்டு. அதனை ஏற்றவே கூடாது. காரணமின்றிக் கண்டதைக் கடிக்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறிய, நடை தள்ளாடும் நாயைக் கயிற்றாலோ கூண்டாலோ அடக்க முயலாமல், இருக்கும் இடத்திலேயே கதவடைத்து, பிள்ளைகளை விலக்கி, கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லியனுப்ப வேண்டும். நல்ல நாயே ஆயினும் ஏற்றி இறக்கும்போது பல்லோ நகமோ பட்டு இரத்தம் கசிந்தால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும்.